பாண்டிக் கள்ளனுக்கு நான் சேர்த்த இரண்டு வரி

அச்சுக் கோக்கிறவன் எந்தக் கதையையும் தலைகீழாகத்தான் படிக்க வேண்டும். ஈய எழுத்து அப்படித்தான் நிற்கும். அப்படிப் பதினோரு வருசம் படித்ததில் எனக்கு ஒன்று மட்டும் நேராகப் புரிந்தது. கதையில் வருகிற அக்கிரமத்தை எல்லாம் செய்கிறவன் வெளியூர்க்காரன். அந்தக் கதையை அச்சடிக்கக் கொண்டுவருகிறவன் உள்ளூர்க்காரன். ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் எங்கேயோ யாருடைய கதையிலோ திருடனாக இருந்துகொண்டுதான் இருப்பீர்கள்.

பதினைந்து மைல்

எனக்குச் சொந்த ஊர் பணகுடிக்குப் பக்கம். வேலை பார்த்தது வடசேரியில், சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அச்சுக்கூடத்தில். இரண்டுக்கும் நடுவே நடந்தால் பதினைந்து மைல் இருக்கும். ஆனால் நடுவில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது, சுங்கச் சவுக்கை இருக்கிறது. அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சீமை, இந்தப் பக்கம் மகாராஜா சீமை. மலையாள வருசம் தொண்ணூற்றொன்பதில் வந்த பெருவெள்ளத்துக்கு மறு வருசம் நான் கணவாயைத் தாண்டினேன். சவுக்கைச் சேவகன் என் மூட்டையை அவிழ்த்துப் புகையிலை இருக்கிறதா என்று துழாவினான். இரண்டு வேட்டியும் என் அம்மா விட்டுப்போன ஒரு செம்பும்தான் இருந்தன. அம்மா செத்த பிறகு அங்கே எனக்கு ஆளில்லை. அதனால்தான் புறப்பட்டேன்.

முதலாளி ஞானமுத்து நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார், வேலைக்காரர்களிடம் குரலை உயர்த்த மாட்டார். முதல் நாள் என்னை மிஷின் ஓட்டுகிற தங்கையனிடம் கூட்டிக்கொண்டு போய் விட்டார். தங்கையன் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் மையைத் துடைத்துக்கொண்டே, கணவாய்க்கு அந்தப் பக்கமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கணவாய்க்கு அந்தப் பக்கம் எல்லாமே இவர்களுக்குப் பாண்டிதான். அவ்வளவுதான், என் பெயருடைய ஆயுசு அன்றைக்கே முடிந்தது.

“பேரெல்லாம் ஆரு நெனவு வெப்பா? பாண்டிக்காரரேன்னு விளிச்சா திரும்பிப் பாரும், அது மதி.”

மிச்சம் வந்த கல்யாணக் கடிதம்

எங்கள் அச்சுக்கூடத்துக்குச் சோறு போட்டது கல்யாணக் கடிதம்தான். ‘இஷ்டமித்திர பந்துக்களுடன் வந்திருந்து’ என்ற வரியை நான் பிரிப்பதே இல்லை. கோத்து நூல் கட்டி அப்படியே ஒரு தட்டில் வைத்திருப்பேன். மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் மாற்றினால் போதும். இந்த ஊரில் எந்த வீட்டில் எந்த நாள் எத்தனை மணிக்கு முகூர்த்தம் என்பது அந்த வீட்டு மருமகனுக்கு முன்னால் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடிதம் ஒன்றாவது எனக்கு வரவில்லை. இதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இந்த ஊரில் யாராவது ஒருத்தர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு இலை போட மாட்டார்களா என்று எனக்கு ஏக்கம். வேறு ஆசை எதுவும் பெரிதாக இருந்ததில்லை.

எங்கள் தெருவிலேயே பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். அந்தப் பெண் பாவாடை கட்டின நாளிலிருந்து அச்சுக்கூடத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவாள். சன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கையில் மை இருக்கிறதா என்று கேட்பாள். கடிதம் அச்சாகி அவர் வாங்கிப் போன பிறகு, பிழை பார்ப்பதற்காக முதலில் ஒற்றி எடுத்த ஒன்று என் பெட்டிமேல் மிச்சம் கிடந்தது. அதை மடித்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அவர் வேகுவேகு என்று வந்தார். கூப்பிடத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

“அந்தப் பிழை பாத்த கடுதாசி ஒண்ணு இஞ்ச கெடக்குமே, அதத் தாரும். விட்டுப்போன வீடு ஒண்ணு உண்டு.”

‘டி’ தேய்ந்தது

கடிதம் இல்லாத மாதங்களில் கதைப் புத்தகம் வரும். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நாவல் எழுதிக்கொண்டு வந்தார். அதில் நல்ல குடும்பத்துப் பெண்ணைத் தூக்கிப் போகிறவன் பாண்டியிலிருந்து வந்த கள்ளன். ஒரு உபதேசியார் சன்மார்க்கக் கதை கொண்டுவந்தார். அதில் அநாதைப் பிள்ளைகளைச் சாட்டையால் அடிக்கிற குறுநில ராசா பாண்டி ராசா. தேங்காய்ப்பட்டணத்துக் கருவாட்டு வியாபாரி ஒருவர் கப்பல்பாட்டு கொண்டுவந்தார். அதில் கடல் கொள்ளைக்காரன் வடக்கே இருந்து வந்தவன் என்று எழுதியிருந்தது. அப்பாடா என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அவரோ என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாளைத் திரும்ப வாங்கி, கரிப்பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

“வடக்கே எனக்கு யாவாரம் உண்டு, பாண்டியில ஒண்ணும் இல்ல. பாண்டிக்காரன்னே மாத்திரும்.”

வாத்தியார் சொன்ன காரணம்

அந்த வருசம் புது எழுத்துக்குச் சொல்லிவிட வேண்டியிருந்தது. முதலாளி பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு, எல்லா எழுத்தும் நன்றாக இருக்கும்போது ‘பா’வும் ‘ண்’ணும் ‘டி’யும் மட்டும் எப்படி இவ்வளவு தேய்ந்தது என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? நாவல்தான் காரணம் என்று சொல்லாமல், ஈயம் சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

வாத்தியார் பிழை திருத்த வந்த அன்று மனசு கேட்கவில்லை. அவரிடம், கணவாய்க்கு அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா ஐயா என்று கேட்டேன். இல்லை என்றார். பாண்டிக் கள்ளன் யாரையாவது கண்ணால் பார்த்ததுண்டா என்றேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிசமாகவே யோசித்தார். பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். அவர் வீட்டில் தேங்காய் திருடினவன் பக்கத்து வீட்டுக்காரன், நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கினவன் சொந்தச் சித்தப்பா. இதையும் அவரே சொன்னார். அப்புறம் ஏன் ஐயா என்றேன்.

“உள்ளூர்க்காரன்னு எழுதினா, அது ஆருன்னு கேட்டு நாலு பேரு வருவாவ. பாண்டிக்காரன்னு எழுதினா ஆரு வருவா? இந்தா, நீரு இருக்கேரே, சண்டைக்கா வந்தீரு?”

மருதடி அம்மை

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் எனக்கு அது விளங்கவில்லை, விளங்கின பிறகு பெரிய நியாயமாகப் பட்டது. அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களை இவர்கள் தெய்வமாக்கிவிடுகிறார்கள். கொன்ற குடும்பமே பீடம் கட்டி, வருசாவருசம் கொடை என்று திருவிழா எடுத்து, செத்தவருடைய கதையை வில்லடித்துப் பாட வைக்கிறது. கொலை நடக்கிற இடம் பாட்டில் வரும்போது, கொன்றவன் வழியில் வந்த மூத்தவர் தோள்துண்டை இடுப்பில் கட்டி, முதல் இலையில் படைப்பு வைத்து, எல்லாரும் பார்க்க மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால்தான் பாட்டு மேலே போகும்.

நாலு மைல் தள்ளி ஒரு கிராமத்தில் மருதடி அம்மை என்று ஒரு பீடம். நல்லம்மை என்ற பெண், தன் தாய்வழிப் பங்கு வயலைக் கேட்டாள் என்பதற்காக, அவளுடைய சொந்த அம்மாவனே, தாய்மாமனே, அவளைக் குளத்தில் தள்ளிக் கொன்றான். குளக்கரையில் மருத மரம். அதனால் அந்தப் பெயர். அந்த அம்மாவனின் வீடுதான் மேலவீடு. அதன் இப்போதைய காரணவர், அதாவது குடும்பத்தை நடத்துகிற தாய்மாமன், ஒருநாள் வண்டி கட்டிக்கொண்டு எங்கள் அச்சுக்கூடத்துக்கு வந்தார். வக்கீல் படிப்புப் படிக்கிற, தன் தங்கை மகனான மருமகனுக்குத் திருவனந்தபுரத்தில் பெண் பேசியிருந்தார்களாம். பெண் வீட்டார் இந்தப் பாட்டைக் கேள்விப்பட்டு இழுத்தடிக்கிறார்கள். ஆகவே யாரையோ வைத்து மருதடி அம்மை கதையைப் புதிதாக எழுதி வாங்கியிருந்தார். அதில் அம்மாவன் தங்கமான மனிதர். நல்லம்மையின் காதுப் பாம்படத்துக்கு ஆசைப்பட்டு அவளைத் தள்ளினவன் பாண்டியிலிருந்து வந்த கள்ளன். இனிமேல் கொடையில் அச்சுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பாட வேண்டும் என்று வில்லுக்காரரிடமும் கண்டிப்பாகச் சொல்லியாகிவிட்டது. முதலாளி, பழைய கதை இப்படி இல்லையே என்று மெதுவாக இழுத்தார்.

“தள்ளுனத கண்ணால பாத்தவன் ஒருத்தனும் இப்பம் உயிரோட இல்ல ஓய். அச்சில வந்தா அதுதான் நெசம்.”

கோத்தது நான்

இதை மட்டும் நான் கோக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். அப்புறம், கோக்கிறது உம்ம சோலி, கொல்லுகிறது கதைக்காரன் சோலி என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். கோத்தேன். வேறு போக்கிடம் இல்லை, வயிறு இருக்கிறது. கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அதில் கள்ளன் பெண்ணைத் தள்ளிவிட்டு, பாம்படத்தை மடியில் கட்டிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே கணவாயைத் தாண்டிப் போகிறான். எனக்கு அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. அந்தப் பதினைந்து மைலும் எனக்குத் தெரியும். ஆளில்லாத ரோடு, காற்று ஓய்வே இல்லாமல் அடிக்கும். ஒரு சின்னப் பெண்ணைக் கொன்றுவிட்டு எவனால் அந்தக் காற்றில் பாடிக்கொண்டு போக முடியும்? கள்ளனாகவே இருக்கட்டும், பாண்டிக்காரனாகவே இருக்கட்டும், ஒரு தடவை அழ மாட்டானா? பாட்டுப் பாடின வரியை எடுத்துவிட்டு, என் கையாலேயே இரண்டு வரி கோத்துச் சொருகினேன்.

*அழுதழுது போறேனம்மா, அறியாமல் செய்த பிழை;*
*என்வழியில் வருவானொருவன், உன்னடியில் விழுவானம்மா.*

யாருக்கும் தெரியவில்லை. காரணவர் பிழை பார்க்க வந்தபோது, தன் வீட்டுப் பெயர் எங்கேயும் இல்லையே என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். வில்லுப்பாட்டு அண்ணாவி செல்லையா மட்டும் வந்து, புத்தகத்தை வாங்கி, அங்கேயே நின்று முதலிலிருந்து முணுமுணுத்துப் பாடிப் பார்த்தார். பரம்பரையாக அவர் வீட்டு ஏட்டில் இருக்கிற கதை இது. கொன்றவனை மாற்றிவிட்டால் நான் யாருக்காக அழ என்று கேட்டார், கண் கலங்கியிருந்தது. கடைசிப் பக்கம் வந்ததும் நிறுத்தினார். அந்த இரண்டு வரியை இரண்டு தடவை பாடினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் எழுத்துப் பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

“இந்த ரெண்டு வரிதான் பாட்டு. மத்ததெல்லாம் வக்கீல் நோட்டீசு.”

எனக்கும் ஒரு வண்டி

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், அச்சுக்கூட வாசலில் வில்வண்டி வந்து நின்றது. மேலவீட்டுக் காரியக்காரர் இறங்கினார். காரணவர் உங்களை உடனே கொடைக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் என்றார். முதலாளியைத்தானே என்று கேட்டேன். இல்லை, உங்களைத்தான் என்றார். தங்கையன் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அன்றைக்கு நான் பட்ட சந்தோசத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்தேன், நகக்கண்ணில் இருந்த மை போகவே இல்லை. பெட்டியில் மூன்று வருசமாக மடித்தே வைத்திருந்த நேரியலை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். வண்டியில் போகும்போது, புத்தகம் நன்றாக அமைந்ததற்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வண்டிக்காரன் மாட்டை விரட்டின விரட்டில் குடல் குலுங்கியது. சாப்பாடு உண்டுமா அண்ணாச்சி என்று கூச்சத்தை விட்டுக் கேட்டேன். காரியக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் வயலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“மொத எலையே ஓமக்குத்தான்.”

முதல் இலை

பீடத்துக்கு முன்னால் இருநூறு பேர் இருப்பார்கள். அண்ணாவி கொலை நடக்கிற இடம்வரை பாடி, வில்லில் கோலை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கோமரம், அதாவது மேலே அம்மை வந்து ஆடுகிறவர், கையில் கமுகம்பூவோடு மூச்சு வாங்க நின்றார். என்ன நடந்தது என்பதைக் காரியக்காரர் என் காதில் சொன்னார். பாட்டு இந்த இடத்துக்கு வந்ததும், துண்டு கட்ட யாரும் எழுந்திருக்கவில்லை. என்னைக் கொன்னவன் வழி எங்கே என்று அம்மை கேட்டுவிட்டது. காரணவர் புத்தகத்தை நீட்டினார். கொன்றவன் பாண்டிக்காரன் என்று அதில் இருக்கிறது. அவன் வழியில் ஒருவன் வருவான், காலில் விழுவான் என்றும் அதிலேயே இருக்கிறது. அப்படியென்றால் அவனைக் கொண்டா என்று அம்மை நின்றுவிட்டது. சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த பாண்டிக்காரன் ஒரே ஒருத்தன்தான்.

நானே கோத்த இரண்டு வரி என்னையே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டது. இது பொய், நான் சொருகினது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரணவர்தான் துண்டு கட்ட வேண்டியிருக்கும், எனக்கு வேலையும் போகும், நாலு மைலும் நடந்து திரும்ப வேண்டும். வாயைத் திறந்தேன். அப்போது நல்லம்மையை நினைத்துக்கொண்டேன். உயிரை எடுத்தார்கள். இப்போது அவளிடம் மன்னிப்புக் கேட்பதற்குக்கூடச் சொந்தத்தில் ஆளில்லை. அவளைக் கொன்றவனை மறைத்து எழுத்தெழுத்தாகக் கோத்த கை என்னுடைய கை. அந்தக் கை கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி இருக்கத்தான் செய்தது.

நேரியலை இடுப்பில் கட்டினேன். இலையில் படைப்பை வைத்து, பொறுத்துக்கோ தாயே என்று விழுந்தேன். அந்தப் பாண்டிக் கள்ளனுக்காகவோ காரணவருக்காகவோ கேட்கவில்லை, எனக்காகத்தான் கேட்டேன். விழுந்தவனுக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவின் செம்பு, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்த கடிதம், எல்லாம் சேர்ந்து வந்தது. கோமரம் குனிந்து என் தலையில் கை வைத்து, திருநீறு பூசினார். அந்தக் கை சூடாக இருந்தது. இந்த ஊருக்கு வந்து பதினோரு வருசத்தில் என்னைத் தொட்டுப் பேசின முதல் ஆள் மருதடி அம்மைதான்.

“வந்தியா மக்கா? இத்தன நாளா எங்க கெடந்த?”

பந்தி

பாட்டு மேலே போய் முடிந்தது. பந்தி போட்டார்கள். சொன்ன சொல் தவறாமல் என்னை முதல் இலையில் உட்கார வைத்தார்கள். ஆனால் எனக்கு அடுத்த இலையை நாலு முழம் தள்ளித்தான் போட்டார்கள். கொலைகாரன் வம்சத்தோடு யார் இடித்துக்கொண்டு உட்காருவார்? இருந்தாலும் கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள். எரிசேரி இரண்டு தடவை வந்தது. தலையைக் குனிந்துகொண்டு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அண்ணாவி கை கழுவிவிட்டு வந்து, அந்த நாலு முழ இடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

கிளம்பும்போது காரணவரே வண்டிவரைக்கும் வந்தார். மருமகன் கல்யாணத்துக்குக் கடிதம் அடிக்கக் கொடுப்பதாகச் சொன்னார். எனக்கு ஒன்று உண்டா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வண்டி நகரும்போது சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, ஒன்றை மட்டும் மறக்காமல் சொன்னார்.

“அடுத்த கொடைக்கும் வந்திரணும், கேட்டேரா? ஓம்ம விட்டா எங்களுக்கு வேற ஆளு கெடையாது.”

பதினோரு வருசம் ஊரார் கல்யாணத்தை எல்லாம் கோத்துக் கிடைக்காத இலை, செய்யாத கொலை ஒன்றைக் கோத்ததற்குத்தான் எனக்கு வருசாவருசம் கிடைக்கிறது. நானும் ஒரு வருசம்கூடப் போகாமல் இருந்ததில்லை.